டாஷ் வினாக்கொத்தை இலங்கைத் தமிழுக்குக் கொண்டுவர அரபு வடிவத்தின் வழியைப் பின்பற்றலாமா?

கேள்வி: தோள்மூட்டு (வெள்ளவத்தை)

வணக்கம். கை, தோள் பாதிப்பால் அன்றாட வேலைகள் எவ்வளவு தடைப்படுகின்றன என்பதை அளக்கும் டாஷ் வினாக்கொத்தின் இலங்கைத் தமிழ் வடிவத்தை முதுகலை ஆய்வுக்காகத் தயாரிக்கிறேன். கொழும்பில் பிசியோதெரபி கிளினிக்குகளுக்கு வருகிற தமிழ் பேசும் நோயாளர்கள்தான் மாதிரி. நான்கு மாதத்தில் 120 பேர் கிடைப்பார்கள்.

வழிகாட்டியாக வைத்திருப்பது 2016இல் வெளியான அரபு டாஷ் ஆய்வு. எழுதுகிற மொழியும் பேசுகிற மொழியும் விலகி நிற்பதில் அரபும் தமிழும் ஒரே நிலை. சாப்பாடு, உடுப்பு, வீட்டு வேலை போன்றவற்றிலும் ஐரோப்பிய வடிவங்களைவிட அது நமக்குக் கிட்ட நிற்கிறது.

முதல் வரைவை 12 பேரிடம் கொடுத்துப் பார்த்ததில் இரண்டு சிக்கல்கள் தெரிகின்றன. 26ஆம், 28ஆம் கேள்விகளுக்கு எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே விடையைத்தான் போடுகிறார்கள். 18, 19, 21 பல தாள்களில் வெறுமையாக வருகின்றன.

தெரிய வேண்டியவை: ஆங்கில மூலத்தோடு அரபு வடிவத்தையும் பார்த்து மொழிபெயர்க்கலாமா? 120 பேர் போதுமா? மறுசோதனைக்கு, அதாவது அதே ஆட்களிடம் தாளை மீண்டும் கொடுப்பதற்கு, எத்தனை நாள் இடைவெளி விடுவது? தாம்பத்தியம் பற்றிய 21ஆம் கேள்வியை எடுத்துவிடலாமா? கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா 0.90க்கு மேல் வந்தால் அதுவே போதும் என்று சிலர் சொல்கிறார்கள், அது சரியா?

பதில் 1: மருதானை மொழிபெயர்ப்பு

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். மொழிப் பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன். கணக்குப் பக்கத்துக்கு இங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

முதலில் அனுமதி. டாஷ் 1996இல் வெளியானது. அமெரிக்க எலும்பியல் சத்திரசிகிச்சை நிபுணர்களின் அக்கடமியும் டொரொன்டோவிலுள்ள இன்ஸ்டிடியூட் ஃபோர் வேர்க் அன்ட் ஹெல்த் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது. பதிப்புரிமை அந்த நிறுவனத்திடம் இருக்கிறது. வணிக நோக்கமில்லாத பாவனைக்குக் காசு கேட்பதில்லை, ஆனால் புதிய மொழிபெயர்ப்புக்கு அவர்களுடைய ஒப்புதல் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட மொழி வடிவங்களின் பட்டியலை அவர்களுடைய தளத்தில் பாருங்கள். இந்தியத் தமிழ் வடிவம் ஒன்று பட்டியலில் இருந்தால் உங்கள் வேலையின் பெயரே மாறிவிடும்: புதிதாக மொழிபெயர்ப்பது அல்ல, இருக்கிற தமிழை இலங்கைக்கு ஏற்ப மாற்றுவது. அதைப் பார்க்காமல் ஒழுக்கநெறிக் குழுவுக்கு விண்ணப்பம் போடாதீர்கள்.

மொழிபெயர்ப்புக்கு மூலம் ஆங்கிலம் மட்டும்தான். அரபு வடிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தால், அவர்கள் தங்கள் ஊருக்காகச் செய்த மாற்றங்கள் உங்கள் தமிழுக்குள் தெரியாமல் புகுந்துவிடும். நிபுணர் குழு கூடும்போது ‘இந்த இடத்தில் அவர்கள் என்ன செய்தார்கள்’ என்று பார்க்க அது உதவும், அவ்வளவுதான்.

வரிசை எல்லோரும் அறிந்தது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பார்கள். ஒருவருக்கு மருத்துவ விஷயம் தெரிந்திருக்க வேண்டும், மற்றவருக்கு இது எதை அளக்கிற வினாக்கொத்து என்பதே தெரியக்கூடாது. இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கியபின், மூலத்தைப் பார்த்திராத இருவர் ஆங்கிலத்துக்குத் திருப்புவார்கள். பிறகு நிபுணர் குழு, அதன்பின் 30 முதல் 40 நோயாளர்களிடம் முன்சோதனை. திருப்பி மொழிபெயர்ப்பவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டிருக்க வேண்டும் என்பது கொழும்பில் கடினமான நிபந்தனை. கனடாவிலோ இங்கிலாந்திலோ பிறந்து வளர்ந்து தமிழும் வாசிக்கத் தெரிந்தவர்களைப் பிடியுங்கள். பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் போடவேண்டாம். அவருக்கு டாஷ் மனப்பாடம், தமிழ் தவறாக இருந்தாலும் ஆங்கிலம் சரியாகவே வந்துவிடும்.

திருப்பிய ஆங்கிலம் மூலத்தோடு ஒத்துப்போனால் தமிழ் நல்லது என்று அர்த்தமில்லை. 14ஆம் கேள்வியை ‘முதுகைக் கழுவுதல்’ என்று எழுதுங்கள். திருப்பினால் அச்சொட்டாக மூலம் வரும். ஆனால் நம் சனம் முதுகைக் கழுவுவதில்லை, தேய்க்கிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்த மோசமான தமிழ்தான் இந்தச் சோதனையில் மிக நன்றாகத் தேறும். குழுவில் ஒருவராவது இதைப் பிடிக்கிற காது உள்ளவராக இருக்கவேண்டும்.

அரபிலிருந்து கற்க வேண்டியது இதைத்தான். எழுத்து அரபு மொரோக்கோவிலிருந்து ஓமான் வரை படித்தவர்கள் எல்லோருக்கும் விளங்கும். வீட்டில் அதை யாரும் பேசுவதில்லை. ஆகவே ஒரே தாளை எல்லா நாட்டிலும் பாவிக்கலாம் என்ற வசதி ஒரு பக்கம், பள்ளிக்கூடம் அதிகம் போகாத நோயாளர் தடுமாறுவது மறுபக்கம். இன்னொன்று, அரபு வினைச்சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடும். டாஷின் முதல் 21 கேள்விகளும் முழு வாக்கியங்கள் அல்ல, செயல்களின் பெயர்கள். அதனால் ‘திறத்தல்’, ‘எழுதுதல்’ போன்ற தொழிற்பெயரிலேயே நிறுத்தினால் அந்தத் தொல்லை வராது. தமிழிலும் அப்படியே எழுதுங்கள்; ‘உங்களால் திறக்க முடியுமா’ என்று கேட்டால் ஆம், இல்லை என்ற விடைக்குத்தான் மனம் போகும், ‘சிரமம் இல்லை’ முதல் ‘முடியவே இல்லை’ வரையான ஐந்து விடைப் படிகளுக்குப் போகாது.

அரபுத் தாள் வலமிருந்து இடமாக ஓடும், 1 வலப்பக்கம் நிற்கும். அரபு நாடுகள் பலவற்றில் எழுதும் ஐந்து என்ற இலக்கம் நம் பூச்சியத்தைப் போல இருக்கும். தரவு பதிகிறவருக்கு இரண்டும் பொறி. உங்களுக்கு அது இல்லை.

இனி ‘கை’. இதுதான் பெரிய விஷயம். தோளிலிருந்து விரல் நுனி வரை நமக்கு எல்லாமே கை. மூலத்தில் புயம், தோள், கை என்று மூன்று சொற்கள் பல கேள்விகளில் சேர்ந்தே வருகின்றன. ‘புயம்’ என்றால் பாட்டில் வருகிற சொல் என்று நினைப்பார்கள். அறிவுறுத்தலின் தொடக்கத்தில் ஒருமுறை ‘கை என்பது தோள்மூட்டு, முழங்கை, மணிக்கட்டு, விரல்கள் அனைத்தையும் குறிக்கும்’ என்று தெளிவாக எழுதி, தோள் தொடங்கி விரல் வரை நிழலிட்ட ஒரு சின்னப் படம் போடலாமா என்று உரிமையாளரிடம் கேளுங்கள்.

உங்கள் 26, 28 சிக்கலுக்குக் காரணம் ‘விறைப்பு’ என்ற சொல் என்று பந்தயம் கட்டுவேன். 26 ஊசி குத்துவதுபோன்ற உணர்வைக் கேட்கிறது, 28 மூட்டு மடங்காமல் இறுகுவதைக் கேட்கிறது. இலங்கையில் ‘கை விறைச்சுப் போச்சு’ என்றால் மரத்துப்போனது. மருத்துவ மொழிபெயர்ப்பில் அதே ‘விறைப்பு’ இறுக்கத்துக்கும் வந்துவிட்டது. ஒரு சொல் இரண்டு கேள்விக்கும் கதவைத் திறந்துவிடுகிறது. 26க்கு ‘ஊசி குத்துவதுபோல் சுள்சுள்ளென்ற உணர்வு’, 28க்கு ‘மூட்டை மடக்கவோ நீட்டவோ விடாத இறுக்கம்’ என்று வைத்துப் பாருங்கள். ‘விறைப்பு’ இரண்டிலும் வேண்டாம்.

நோவுக்கும் கவனம் தேவை. யாழ்ப்பாணத்தார் ‘நோ’, ‘உளைவு’ என்பார்கள், மலையகத்திலிருந்து வந்தவர்கள் ‘வலி’ என்பார்கள். கொட்டாஞ்சேனையிலும் தெமட்டகொடையிலும் எல்லோரும் கலந்து இருக்கிறார்கள். முன்சோதனையின் 30 பேரை வெள்ளவத்தையில் மட்டும் எடுத்தால் வினாக்கொத்து ஒரு பிரதேசத்துக்கு மட்டும் பேசும்.

பதில் 2: நியமவிலகல்

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் ஆய்வுகள் கெட்டுப்போகின்றன.

ஆல்ஃபா 0.90க்கு மேல் வருவது டாஷில் பெரிய சேதியே அல்ல. 30 கேள்விகள், அதிலும் பெரும்பாலானவை ஒன்றுக்கொன்று நெருங்கியவை. மோசமான மொழிபெயர்ப்பிலும் 0.95 தாண்டும். கேள்வி எண்ணிக்கை கூடக்கூட ஆல்ஃபா கூடும், அது அந்தக் குணகத்தின் இயல்பு. உங்கள் 26, 28 ஒரே விடை வாங்குவதுகூட ஆல்ஃபாவை உயர்த்தும்! அதாவது பிழை இருக்கிற இடத்தில் எண் அழகாகிறது. 0.95க்கு மேல் போனால் கேள்விகள் ஒன்றையே திரும்பக் கேட்கின்றன என்றுதான் வாசிக்க வேண்டும்.

தவிர, எல்லாக் கேள்விகளும் ஒரே பரிமாணத்தை அளக்கின்றன என்று காட்டிய பிறகுதான் ஆல்ஃபாவுக்கு அர்த்தம். அதற்குக் கேள்விகள் எத்தனை குழுவாகச் சேருகின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வு வேண்டும். இத்தகைய அளவுகோல் ஆய்வுகளின் தரத்தை மதிப்பிடும் கொஸ்மின் வழிகாட்டியின்படி கேள்வி ஒன்றுக்கு 7 பேர், மொத்தம் 100க்குக் குறையாமல் இருந்தால் மிக நல்லது. 30 × 7 = 210. கேள்விக்கு 5 பேர் என்றால் 150, அது ஏற்கத்தக்கது. உங்கள் 120 இரண்டிலும் சேராது. விடைகள் 1 முதல் 5 வரையான வரிசைத் தரவு என்பதால் சாதாரண பியர்சன் இணைபு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற எண்) அணியில் செய்யாமல், வரிசைத் தரவுக்கான பொலிகோரிக் இணைபில் செய்யுங்கள். எத்தனை காரணி என்று தீர்மானிக்க ‘ஐகன் பெறுமானம் 1க்கு மேல்’ என்ற பழைய விதியை விட்டு, எழுமாற்றாக உருவாக்கிய தரவோடு ஒப்பிடும் சமாந்தரப் பகுப்பாய்வு பாருங்கள். டாஷ் ஒரே பரிமாணமா, அல்லது கை வேலை, தோள் அசைவு, அறிகுறிகள் என்று பிரிகிறதா என்பது வேறு மொழிகளிலும் விவாதத்தில் இருக்கிற கேள்விதான். தமிழில் பிரிந்தால் மொழிபெயர்ப்பு பிழைத்தது என்று உடனே முடிவுகட்டாதீர்கள்.

மறுசோதனைக்கு ஐசிசி, அதாவது இரண்டு முறையும் கிடைத்த புள்ளிகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குணகம். இருவழி எழுமாற்று மாதிரியுரு, முழு உடன்பாடு, தனி அளவீடு. எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிபர மென்பொருளில் ‘ஒருங்கிசைவு’ என்ற தெரிவு தானாகவே நிற்கும், அதை மாற்றாமல் விட்டால் முறையான நகர்வு மறைந்துவிடும். இரண்டாம் முறை எல்லோருடைய புள்ளியும் 6 குறைந்திருந்தாலும் ஒருங்கிசைவு ஐசிசி அசையாது. முழு உடன்பாட்டில் அது தெரியும். இரண்டு முறைக்கும் இடையிலான வித்தியாசத்தைக் காட்டும் பிளாண்ட்-ஓல்ட்மன் வரைபடமும் போடுங்கள். 50 பேர் குறைந்தபட்சம், திரும்பி வராதவர்களையும் எண்ணி 65 பேரிடம் தொடங்குங்கள்.

ஐசிசியோடு நிறுத்திவிட்டால் கிளினிக்கில் இருப்பவருக்கு ஒரு பயனும் இல்லை. அவருக்கு வேண்டியது புள்ளி (0 முதல் 100 வரை, கூடினால் சிரமம் அதிகம்). அளவீட்டு நியம வழு = நியம விலகல் × √(1 − ஐசிசி). நியம விலகல் 20, ஐசிசி 0.92 என்று வைத்துக்கொள்ளுங்கள்: 20 × √0.08 = 5.66. கண்டறியத்தக்க மிகக் குறைந்த மாற்றம் = 5.66 × 1.96 × √2 = 15.7. ஐசிசி 0.92 என்றால் கைதட்டுகிறோம். ஆனால் ஒரு நோயாளரின் புள்ளி 48இலிருந்து 36க்கு இறங்கினால் அந்த 12 புள்ளி முன்னேற்றமா, அளவீட்டின் தள்ளாட்டமா என்று இந்தத் தாளால் சொல்ல முடியாது. நோயாளர் உணரக்கூடிய மாற்றம் 10 முதல் 15 புள்ளி வரை என்று பொதுவாகச் சொல்கிறார்கள். உங்கள் கண்டறியத்தக்க மாற்றம் அதைவிடப் பெரிதாக வந்தால் அதைத் தலைப்பிலேயே எழுதவேண்டும்; அட்டவணை மூலையில் ஒளிக்கக்கூடாது.

புள்ளி கணிப்பதிலும் ஒரு வழக்கமான பிழை. சூத்திரம்: (விடைகளின் கூட்டுத்தொகை ÷ விடையளித்த கேள்விகள் − 1) × 25. 28 கேள்விகளுக்கு விடை, கூட்டுத்தொகை 76 என்றால் 76 ÷ 28 = 2.714, 1ஐக் கழித்து 25ஆல் பெருக்க 42.9. எக்ஸலில் வகுஎண்ணை 30 என்று எழுதி வைத்திருந்தால் 38.3 வரும். நாலரைப் புள்ளி காற்றில் போகிறது. வெறுமையை 0 என்று பதிந்தாலும் இதே கதி. குறைந்தது 27 கேள்விகளுக்கு விடை இருக்கவேண்டும், இல்லாவிட்டால் புள்ளி கணிக்கக்கூடாது.

செல்லுபடித்தன்மைக்கு, அதாவது தாள் அளக்கவேண்டியதையே அளக்கிறதா என்று காட்ட, கருதுகோள்களைத் தரவு சேர்க்க முன் எழுதுங்கள்: எந்த அளவுகோலோடு, எந்தத் திசையில், குறைந்தது எவ்வளவு இணைபு. அவற்றில் 75 வீதமாவது நிறைவேற வேண்டும். ‘புள்ளிவிபர ரீதியில் முக்கியமானது’ என்று மட்டும் எழுதுவது போதாது. 120 பேரில் 0.20 இணைபுகூட முக்கியமானதாக வந்துவிடும்.

தோள்மூட்டு (வெள்ளவத்தை)

இருவருக்கும் மிக்க நன்றி. ‘விறைப்பு’ விஷயம் உண்மைதான், என் வரைவில் இரண்டிலும் அந்தச் சொல் இருக்கிறது.

இன்னும் இரண்டு இடத்தில் நிற்கிறேன். கிளினிக்குக்கு வருபவர்கள் சிகிச்சை பெறுபவர்கள், இரண்டு வாரத்தில் நிலை மாறிவிடும்; இரண்டு நாளில் கேட்டால் போன விடையை ஞாபகம் வைத்திருப்பார்கள். மற்றது, வாசிக்கச் சிரமப்படும் வயதானவர்களுக்கு நான் வாசித்துக் காட்டலாமா?

பதில் 3: மணிக்கட்டு

மறுசோதனையை எல்லா நோயாளரிடமும் செய்யவேண்டியதில்லை. மாறாமல் இருக்கக்கூடியவர்களைத் தேர்ந்தெடுங்கள்: கார்பல் டனல் (மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுதல்) சத்திரசிகிச்சைக்குத் திகதி எடுத்துக் காத்திருப்பவர்கள், பல மாதமாக ஒரே நிலையில் இருக்கும் டெனிஸ் எல்போ (முழங்கையின் வெளிப்பக்க நோவு) உள்ளவர்கள், உறைந்த தோளில் (தோள்மூட்டு இறுகும் நோய்) இறுகிய கட்டத்தில் இருப்பவர்கள். மணிக்கட்டு முறிவுக்குப் போட்ட பிளாஸ்டர் போன வாரம் கழற்றியவரை எடுக்கவே கூடாது, அவர் நாளுக்கு நாள் மாறுவார். முதல் முறையைச் சிகிச்சை தொடங்குமுன் பதிவு மேசையிலும், இரண்டாவதை முதல் சிகிச்சைக்கு முன்பும் வைத்தால் இடையில் 3 முதல் 7 நாள் இயல்பாகவே கிடைக்கும். 30 கேள்விகளின் விடையை அவ்வளவு நாள் யாரும் நினைவில் வைப்பதில்லை. டாஷ் கேட்பது கடந்த ஒரு வாரத்தைப் பற்றி, ஆகவே 7 நாளுக்குக் கிட்டப் போவது நல்லது.

இரண்டாம் முறை தாளின் மேலே ஒரே ஒரு கேள்வி சேருங்கள்: ‘கடந்த முறை இந்தத் தாளை நிரப்பியதோடு ஒப்பிட்டால் உங்கள் கை இப்போது எப்படி?’ மிகவும் கூடிவிட்டது முதல் மிகவும் குறைந்துவிட்டது வரை என்று எழுதாதீர்கள், எது கூடியது என்று குழம்புவார்கள். ‘மிகவும் சுகம், கொஞ்சம் சுகம், அப்படியே, கொஞ்சம் மோசம், மிகவும் மோசம்’ என்று வையுங்கள். ‘அப்படியே’ என்றவர்களை மட்டும் ஐசிசிக்கு எடுங்கள்.

வாசித்துக் காட்டுவது பற்றி: டாஷ் நோயாளர் தானே நிரப்புகிற தாள். நீங்கள் வாசித்தால் சிரமத்தைக் கொஞ்சம் குறைத்தோ கூட்டியோதான் சொல்வார்கள், சிகிச்சை செய்பவரே வாசித்தால் இன்னும் மோசம். தானே நிரப்பியோரை வைத்து ஆய்வைச் செய்யுங்கள். வாசித்துக் காட்டியோரை எடுக்கவேண்டுமென்றால் தாளில் அதைக் குறித்து, தனியாகப் பகுப்பாய்வு செய்யுங்கள். முதல் முறை தானே நிரப்பி இரண்டாம் முறை வாசித்துக் கேட்டவர் மறுசோதனையில் சேரக்கூடாது.

தாளின் அமைப்பில் கவனிக்க ஒன்று. விடைத் தலைப்புகள் 1 முதல் 21 வரை ஒன்று. 22, 23, 24 முதல் 28, 29, 30 என்று அதன்பின் ஐந்து தடவை மாறுகின்றன. பக்கத்தின் உச்சியில் ஒரு தலைப்பை மட்டும் அச்சிட்டு முழுவதையும் ஒரே அட்டவணையாக்கினால் நோயாளர் பழைய தலைப்பிலேயே ஓடிக்கொண்டிருப்பார். 30ஆவது இன்னும் ஆபத்து: ‘நம்பிக்கை குறைந்தவராக உணர்கிறேன்’ என்ற கூற்றுக்கு உடன்படவில்லை என்பதுதான் 1. நன்றாக இருப்பவர் ‘உடன்படுகிறேன்’ பக்கம் போய்விடுவார். முன்சோதனையில் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் ‘ஏன் இந்தக் கட்டத்தில் குறியிட்டீர்கள்’ என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்.

‘சிறிதளவு சிரமம்’, ‘ஓரளவு சிரமம்’ இரண்டையும் பக்கத்தில் போடாதீர்கள். ஐந்து விடைகளையும் ஐந்து துண்டு மட்டையில் எழுதி, கலைத்து, 20 பேரிடம் குறைந்ததிலிருந்து கூடியதுவரை அடுக்கச் சொல்லுங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் சொல் சரியில்லை. ‘கொஞ்சம் சிரமம்’, ‘நடுத்தரமான சிரமம்’ என்று வைத்தும் அடுக்கிப் பாருங்கள். அரை மணி நேர வேலை, ஆனால் எந்தக் கணக்கும் இதைப் பிடித்துத் தராது.

வெறுமைத் தாள்கள். 18 கொல்ஃப், சுத்தியல், டெனிஸ் போன்று கைக்கு அதிர்வு வருவன, 19 ஃப்ரிஸ்பி, பட்மின்டன் போன்று கையை விட்டு வீசுவன, 21 தாம்பத்தியம். மூன்றும் வெறுமை என்றால் அனுமதித்த மூன்று இடமும் முடிந்தது. 8ஆம் கேள்வி தோட்டம், முற்றத்து வேலை. கொழும்பு மாடிவீட்டில் முற்றம் ஏது? அதையும் விட்டால் 26 விடைதான், அந்த நோயாளரின் புள்ளியே போய்விட்டது. ஆகவே இது சின்ன விஷயம் அல்ல. உதாரணங்களை மாற்றுங்கள், கேட்கப்படும் அசைவை மாற்றாதீர்கள்: 18க்குக் கிரிக்கெட் மட்டையால் அடித்தல், சுத்தியலால் அடித்தல், 19க்குப் பட்மின்டன், பந்து எறிதல், 17க்குச் சீட்டு விளையாடுதல், பின்னல். கரம்போர்ட் விரலால் சுண்டுவது, 17க்குப் பொருந்தும், 18க்குப் போடாதீர்கள். அறிவுறுத்தலில் இருக்கிற ‘கடந்த வாரம் செய்யாவிட்டால், செய்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து எழுதுங்கள்’ என்ற வரியைத் தடித்த எழுத்தில் போட்டு, வாயாலும் சொல்லுங்கள். ‘எந்தக் கையால் செய்கிறீர்கள் என்பது பொருட்டல்ல’ என்ற வரியும் அப்படித்தான். நோயுள்ள கையை மட்டும் நினைத்து எழுதினால் புள்ளி தேவையில்லாமல் கூடும்.

21ஐ எடுக்கக்கூடாது. எடுத்தால் அது டாஷ் அல்ல, மற்ற மொழிப் புள்ளிகளோடு ஒப்பிடவும் முடியாது. பாலுறவு என்று நேரடியாக எழுதுவதா, தாம்பத்திய உறவு என்பதா என்று குழு முடிவெடுக்கட்டும். இரண்டாவது கேட்க இதம், ஆனால் மணமாகாதவர் தனக்கில்லை என்று விட்டுவிடுவார். தனியான இடத்தில் நிரப்ப விட்டு, தாளை உறையிலிட்டுத் தரச் சொன்னால் விடை கூடும். எத்தனை வீதம் வெறுமை என்பதை ஒவ்வொரு கேள்விக்கும் அறிக்கையில் எழுதுங்கள்.

வேறு சில சொற்கள்: 10ஆம் கேள்வியில் ‘ஷொப்பிங் பேக்’ என்று எழுதினால் இங்கே பொலித்தீன் பை என்றுதான் விளங்கும். ‘கடையில் வாங்கிய சாமான்கள் உள்ள பை’ என்று எழுதுங்கள். 11இல் 10 இறாத்தல் என்பதை 5 கிலோவாக்கி, ‘5 கிலோ அரிசிப் பை போன்ற’ என்று சேர்த்தால் புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிற நாட்டாமிக்கும் வீட்டிலிருப்பவருக்கும் ஒரே பாரம் மனதில் வரும். 1இல் ‘போத்தல்’ என்று மட்டும் எழுதினால் சோடாப் போத்தலை நினைப்பார்கள். திருகுமூடி போட்ட ஜாம் போத்தல் என்று சொல்லுங்கள். தேங்காய் துருவுவதைச் சேர்க்க எல்லோருக்கும் ஆசை வரும், நம் சமையலறையில் கைக்கு அதைவிடப் பாரமான வேலை குறைவு. ஆனால் கேள்வி சேர்க்க அனுமதியில்லை. வேண்டுமானால் தனித்தாளில் கேட்டு, புள்ளியில் சேர்க்காமல் வையுங்கள்.

டாஷ் புள்ளியோடு ஒப்பிட: தோள் நோயாளரிடம் ஸ்பாடி என்ற தோள் நோவு, இயலாமை வினாக்கொத்து. 13 கேள்விகள், இந்தியத் தமிழ் வடிவம் 2012இல் வெளியானது. இலங்கை நோயாளருக்கு அதன் சொற்களும் விளங்குகின்றனவா என்று 10 பேரிடமாவது பாருங்கள். எல்லோரிடமும் 0 முதல் 10 வரையான நோவு எண். கைப்பிடி வலுவை ஜமார் கருவியால் எடுக்கலாம்: இருந்தபடி, தோளை உடலோடு ஒட்டி, முழங்கையை 90 பாகையில் மடித்து, பிடி இரண்டாம் நிலையில், மூன்று தடவையின் சராசரி. வலுவோடு இணைபு எதிர்மறையாக, நடுத்தரமாகத்தான் வரும். உயர்வாக வரவில்லை என்று பதறவேண்டாம், மனிதர் உணரும் சிரமமும் கருவி காட்டும் கிலோவும் ஒன்றல்ல.

உங்கள் 26, 28க்கு ஒரு நேரடிச் சோதனை இருக்கிறது. கார்பல் டனல் நோயாளர் 26இல் உயர்ந்தும் 28இல் தாழ்ந்தும் வரவேண்டும். உறைந்த தோள் அதற்கு நேரெதிர். 15 பேர், 15 பேர் போதும். சொல் மாற்றிய பிறகும் இரண்டு குழுவும் ஒரே மாதிரி வந்தால் இன்னும் தமிழ் சரியாகவில்லை.

தோள்மூட்டு (வெள்ளவத்தை)

210 பேர் என்னால் முடியாது. டாஷின் சுருக்க வடிவமான, 11 கேள்விகள் கொண்ட குயிக்டாஷுக்கு மாறினால் 120 பேர் சரிவருமா?

பதில் 4: நியமவிலகல்

11 × 7 = 77, ஆனால் 100க்குக் குறையக்கூடாது. ஆகவே 120 தாராளம். குயிக்டாஷில் 21ஆம் கேள்வி இல்லை, 8உம் 19உம் இல்லை, 18 இருக்கிறது. ஒரு வெறுமை மட்டுமே அனுமதி, குறைந்தது 10 விடை வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: முழு டாஷைக் கொடுத்து அதிலிருந்து 11ஐப் பிரித்தெடுத்து ‘இரண்டுக்கும் இணைபு 0.95’ என்று எழுதாதீர்கள். அதே விடைகள் இரண்டு பக்கமும் நிற்கின்றன, இணைபு தானாக ஏறும். 11ஐத் தனித்தாளாகக் கொடுங்கள். மொழிபெயர்ப்பு மட்டும் 30க்கும் நடக்கட்டும், உரிமையாளரிடம் முழு வடிவமாகவே ஒப்புதல் கேளுங்கள்.

பதில் 5: மணிக்கட்டு

மேலே சொன்னதோடு ஒன்று. குயிக்டாஷில் ஊசி குத்தும் உணர்வு பற்றிய கேள்வி இருக்கிறது, மூட்டு இறுக்கம் பற்றியது இல்லை. அப்படியானால் உறைந்த தோள் நோயாளர் ‘விறைப்பு’ என்று வாசித்துத் தன் இறுக்கத்தை அதில் எழுதினாலும், பக்கத்தில் ஒப்பிட வேறு கேள்வி இல்லாததால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. 30 பேர் முன்சோதனையில் 26, 28 இரண்டையும் சேர்த்தே கேளுங்கள், கார்பல் டனலும் உறைந்த தோளும் பாதிப்பாதி இருக்கும்படி. அந்தச் சொல் தேறிய பிறகு 120 பேருக்குத் தாள் அச்சடிக்கலாம்.